எடுப்புச் சாப்பாடும் விருந்துதான்

வீட்டில் நடக்கும் சிறு விசேஷங்களுக்குச் சமைத்த உணவை வெளியிலிருந்து வாங்கிப் பரிமாறும் வழக்கம் தமிழ்நாட்டு நகரங்களில் இன்று பரவலாகிவிட்டது. பிறந்தநாள், வளைகாப்பு, பெயர்சூட்டல், காதுகுத்து, மாப்பிள்ளை விருந்து, புதுவீட்டில் பால் காய்ச்சும் நாள் என்று 15 முதல் 40 பேர் வரை கூடும் நிகழ்ச்சிகளே பெரும்பாலும் இவை. மண்டபம் பிடிக்கும் அளவுக்குப் பெரியவை இல்லை. அன்றாட அடுப்பில் அடங்கும் அளவுக்குச் சிறியவையும் இல்லை. மெஸ்களில் எடுப்புச் சாப்பாடு என்றும், ஓட்டல்களில் பார்சல் என்றும், பிரியாணிக் கடைகளில் பக்கெட் என்றும் இதற்குப் பெயர். வழக்கம் பரவிய வேகத்திலேயே அதன் மீதான குறையும் பரவியிருக்கிறது. வீடு தேடி வந்தவர்களுக்குக் கடைச் சாப்பாடு போடுவது மரியாதைக் குறைவு என்பதே அந்தக் குறை. அது விருந்தோம்பலே ஆகாது, முன்னோர் அறியாத பழக்கம், உடம்புக்கு ஒவ்வாது, காசுக்கும் கேடு என்று அதற்குக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அந்தக் காரணங்கள் எவையும் ஆராய்ந்து பார்த்தால் நிற்காதவை. சில, வீட்டிலிருக்கும் ஒருவருக்குத் தீங்கும் செய்கின்றன.

விருந்தோம்பலுக்குத் தமிழில் முதல் சான்றாகக் காட்டப்படுவது திருக்குறளின் 9-ஆம் அதிகாரம். அதன் பத்துக் குறளிலும் அடுப்பைப் பற்றிய பேச்சு இல்லை. விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது சாவைத் தடுக்கும் மருந்தே ஆனாலும் தகாது என்கிறது ஒரு குறள். முகம் மலர்ந்து வரவேற்பவர் வீட்டில் திருமகள் தங்குவாள் என்கிறது மற்றொன்று. வந்தவரை வழியனுப்பிவிட்டு இனி வருபவருக்காகக் காத்திருப்பவனைப் பற்றி ஒரு குறள் பேசுகிறது. முகம் சற்றே திரிந்தாலும் விருந்தினர் மனம் மோந்த அனிச்சப் பூவைவிட விரைவாக வாடிவிடும் என்று கடைசிக் குறள் எச்சரிக்கிறது. காத்திருத்தல், பகிர்ந்துண்ணுதல், மலர்ந்த முகம் ஆகியவையே வள்ளுவர் கேட்பவை. சமைத்தவர் யார், எந்த அடுப்பில் சமைத்தது என்ற கேள்வியை அவர் எழுப்பவேயில்லை. வியர்த்த முகத்தோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தாளிப்பு கருகிவிடும் என்று உள்ளே ஓடுகிறவருக்கு, அந்தப் பத்துக் குறளில் சொன்ன எதையும் செய்ய நேரம் கிடைப்பதில்லை.

விலைக்கு வாங்கும் உணவு முன்னோர் அறியாதது என்பதும் தவறு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில், புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தவர்களின் வரிசையில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் இடம்பெறுகிறார்கள். மதுரைக்காஞ்சியின் கடைத்தெருவிலும் தின்பண்டம் விற்பவர்கள் உண்டு. மதுரைக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சான்று, பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல். பிட்டு அவித்து விற்றுப் பிழைத்த மூதாட்டி வந்திக்காக வைகைக் கரையை அடைக்கக் கூலியாளாக வந்த இறைவன், கூலியாகப் பெற்றது அவள் விற்ற பிட்டில் உதிர்ந்ததை. ஆவணி மாதத்தில் மதுரையில் இன்றும் பிட்டுத் திருவிழா நடக்கிறது. விற்பதற்காக அவித்த பிட்டைச் சொக்கநாதரே உண்டதாகக் கொண்டாடுவது தமிழ் மரபு. அந்த மரபின் பெயரைச் சொல்லிக் கடை உணவைப் பந்தியிலிருந்து விலக்க முடியாது.

கூலிக்குச் சமைப்பவர்களை அமர்த்துவதும் பழைய வழக்கமே. ஒரு குடும்பம் நடத்தும் ஆகப் பெரிய விருந்து கல்யாணம். மண்டபங்கள் பெருகுவதற்கு முன், வீட்டு வாசலில் பந்தல் போட்டு, கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டி, சமையல்காரர்களை வரவழைத்துத்தான் கல்யாணச் சாப்பாடு போட்டார்கள். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணிக்குப் பண்டாரி வருவார். அவர் கைப்பக்குவத்துக்காக நாளையே தள்ளிவைப்பவர்கள் உண்டு. மணப்பெண்ணின் தாயார் தன் கையால் சமைக்கவில்லை என்று எந்தச் சம்பந்தி வீட்டாரும் குறைசொல்ல நினைப்பதில்லை. ஐந்நூறு பேருக்குப் பொருந்தும் இந்த நியாயம் முப்பது பேருக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது என்பதற்குக் குறைசொல்பவர்களிடம் பதில் இல்லை.

இனிப்பு விஷயத்தில் இந்த முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. திருநெல்வேலி அல்வா வாங்கி வந்து வைத்தால் விருந்தினர் மகிழ்கிறார்கள். வைத்தவரும் எந்தக் கடையில் வாங்கியது என்பதைப் பெருமையோடு சொல்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்றும் கடைச் சரக்கு. மூன்றும் அந்தந்த ஊரின் பெருமை. வீட்டுச் சமையல் என்று சொல்லப்படுவதிலும் கடை நுழைந்து வெகுநாளாகிறது. அரைத்த இட்லி மாவு, பாக்கெட் மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, அப்பளம், ஊறுகாய் எல்லாம் கடையிலிருந்தே வருகின்றன. இவற்றை ஏற்றுக்கொண்ட மனம் சாம்பாரையும் சோற்றையும் கண்டு மட்டும் தயங்குவதற்குச் சுவையோ சுகாதாரமோ காரணமில்லை.

அந்தத் தயக்கத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. சமைத்த சோற்றை யார் கையால் வாங்கி உண்ணலாம் என்பது இந்தச் சமூகத்தில் நீண்ட காலம் சாதி முடிவுசெய்த காரியம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. போராட்டங்களுக்குப் பிறகு 1941-இல்தான் அது ஒழிந்தது. ஓட்டல் பெயர்ப்பலகைகளில் பிராமணாள் என்ற சொல் இருப்பதை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் முன் மறியல் நடத்தினார். அந்தக் காலத்தில் 'வெளியில் சாப்பிடமாட்டோம்' என்பது வீட்டுப் பெருமையாகச் சொல்லப்பட்டது. அதன் பொருள், யார் சமைத்ததோ தெரியாததைத் தொடமாட்டோம் என்பதுதான். இன்று கடைச் சாப்பாட்டைக் குறைசொல்பவர்கள் எல்லாரும் இதை மனத்தில் வைத்துச் சொல்வதாகக் கொள்ள முடியாது. பலர் கேள்விப்பட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. முன்பின் தெரியாத ஒருவர் சமைத்ததை வீட்டு நடுக்கூடத்தில் வைத்து, சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது, அந்தப் பழைய விலக்கைச் சத்தமில்லாமல் உடைக்கும் காரியமும்கூட.

கடைச் சாப்பாட்டை மறுப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இது சாதாரண நாளின் கணக்கு. விசேஷ நாளில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை அந்த வீட்டின் அடுப்படியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். முதல் நாள் மாலையே உளுந்து ஊறுகிறது, சின்ன வெங்காயம் உரிபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது. மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றுகிறது. பதினோரு மணிக்கு விருந்தினர் வரும்போது சமைத்தவர் இன்னும் குளித்திருக்கமாட்டார். முதல் பந்தி, இரண்டாம் பந்தி, பிள்ளைகளுக்கு, டிரைவருக்கு என்று எல்லாருக்கும் பரிமாறி முடித்து அவருக்கு இலை போடும்போது மணி மூன்றரை. அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும். ரசத்தில் வண்டல் மட்டும் இருக்கும். அதன்பின் பாத்திரங்கள் காத்திருக்கும்.

வளைகாப்பு நாளில் இது மிகவும் வேதனையானது. மகளுக்கு வளையல் அடுக்கும்போது அவள் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டியவர் தாய். தேங்காய்ச் சாதமும் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கிளறிக்கொண்டிருப்பதால், கூடத்தில் பாட்டுக் கேட்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். புகைப்படங்களில் அவர் இருப்பதில்லை. அந்தச் சாதங்களை வாங்கிவிட்டால் குறைந்துபோவது எதுவுமில்லை. கூடத்தில் தாய்க்கு ஓர் இடம் கூடுகிறது.

அவர்கள் விரும்பித்தானே செய்கிறார்கள் என்று இதற்கு மறுமொழி சொல்லப்படும். விரும்பிச் சமைப்பவர்கள் உண்டு. அவர்களை யாரும் தடுக்கவில்லை. வாங்கினால் பழிச்சொல் வரும் என்று தெரிந்து சமைப்பதை விருப்பம் என்று கொள்ள முடியாது. 'கைமணம்' என்று வீட்டுப் பெண்ணைப் பாராட்டும் சொல்லே, அவர் ஒருமுறை வாங்கிப் பரிமாறியதும் 'இப்பல்லாம் அவளுக்கு முடியறதில்ல' என்று மாறிவிடுகிறது. வீட்டு ஆண்கள் ஏன் சமைக்கவில்லை என்ற கேள்வி கடைச் சாப்பாட்டைக் குறைசொல்லும் பேச்சில் ஒருபோதும் வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியில் சமைப்பவர் தம் உழைப்புக்குக் கூலி பெறுகிறார். தெருவில் வீட்டிலிருந்தபடி சமைத்துத் தரும் பெண்களும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறார்கள். ஒரே வேலை, கடையில் செய்தால் சம்பளம், வீட்டில் செய்தால் கடமை என்று இருக்கும்போது, கடமையை உயர்த்திப் பேசுவது செய்பவருக்கு நன்மை தருவதில்லை.

சுவையைப் பொறுத்தவரை, சில பண்டங்கள் பெரிய அளவில் சமைத்தால் மட்டுமே சரியாக வருபவை. தம் பிரியாணி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கனத்த தேக்சாவில் பத்துக் கிலோ அரிசி வேகும்போது அந்தச் சூடு மெதுவாகப் பரவி மெதுவாகவே இறங்குகிறது. மூடியின் மேல் தணல் வைப்பதால் ஆவி வெளியேறாமல் சோற்றுக்குள்ளேயே திரும்புகிறது. இரண்டு கிலோ அரிசியை வீட்டு வாயு அடுப்பில், மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் ஏற்றினால் அடி பிடிக்கும், மேலே வேகாது. ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணியோடு எண்ணெய்க் கத்தரிக்காய் சேர்த்துக் கொடுப்பதும், திண்டுக்கல்லில் அதே அரிசியை வேறு பதத்தில் இறக்குவதும், தலைமுறைகளாக அந்தப் பெரிய பாத்திரங்களோடு பழகிய கைகளால் வந்தவை. பரோட்டாவுக்குக் கனத்த பெரிய கல்லும் வீசிப் பழகிய மாஸ்டரும் வேண்டும். சிக்கன் 65 சென்னையில் ஒரு ஓட்டலில் 1965-இல் பிறந்ததாகவே சொல்லப்படுகிறது. கடையில் பிறந்ததைக் கடையிலிருந்து வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை.

உடல்நலத்துக்கு வீட்டுச் சமையலே பாதுகாப்பு என்பது அன்றாடச் சமையலுக்குப் பெரும்பாலும் உண்மை. நான்கு பேருக்குச் சமைத்ததை உடனே உண்டுவிடுவதால்தான் அது பாதுகாப்பாக இருக்கிறது. முப்பது பேருக்கு இரண்டு பர்னர் அடுப்பில் சமைக்கும்போது அந்த நிலைமை இல்லை. ஒவ்வொன்றாகச் செய்து இறக்கி வைக்க வேண்டியிருப்பதால், காலை ஏழு மணிக்கு வடித்த சோறு பகல் ஒரு மணிக்கு இலைக்கு வருகிறது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை முளைத்து வெளியிடும் ஒருவகை நச்சை மீண்டும் சூடாக்கினாலும் அழிக்க முடியாது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பெரிய அண்டா நுழையாது. நல்ல கடையில் பந்தி நேரத்தைச் சொல்லிவிட்டால், அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் இறக்கிச் சூடாகவே கட்டித் தருவார்கள். சோறு பாத்திரத்தில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால், வாங்கியதே பல வீடுகளில் பாதுகாப்பானது.

இதனால் எல்லாக் கடைகளும் நம்பத்தக்கவை ஆகிவிடாது. பழைய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும், கறியில் செயற்கை நிறம் கலப்பதும் நடக்கிறது. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணை ஒவ்வொரு கடையும் பார்வையில் வைக்க வேண்டும். இந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பதும், நிறம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லி வைப்பதும், விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அங்கே ஒருமுறை வாங்கி உண்டு பார்ப்பதும் வாங்குபவரின் பொறுப்பு. கெட்ட கடையைத் தேர்ந்தெடுத்ததால் வந்த குறையை வாங்கும் வழக்கத்தின் மேல் சுமத்துவதே பெரும்பாலான புகார்களில் நடப்பது.

செலவுக் கணக்கிலும் ஒருபக்கம் மட்டுமே எழுதப்படுகிறது. பார்சல் விலையில் கடைக்காரரின் லாபமும் 5 விழுக்காடு ஜிஎஸ்டியும் இருப்பது உண்மை. வீட்டுக் கணக்கில் மளிகையும் காய்கறியும் மட்டும் சேர்கின்றன. வாயு, வாடகைப் பாத்திரம், போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கூடுதலாகப் பொங்கி மீந்தது ஆகியவை சேர்வதில்லை. இரண்டு நாள் உழைப்புக்கு விலையே போடப்படுவதில்லை. அதையும் சேர்த்தால் வித்தியாசம் பெரிதாக நிற்காது.

எதை வாங்குவது என்பதில்தான் விருந்து நன்றாக அமைவதும் கெடுவதும் இருக்கிறது. வழியில் கெடாத பண்டங்களை வாங்க வேண்டும். இட்லி, இடியாப்பம், பிரியாணி, சாம்பார், வற்றல் குழம்பு, புளியோதரை ஆகியவை ஒரு மணி நேரப் பயணத்தைத் தாங்கும். புளியோதரையும் வற்றல் குழம்பும் ஊற ஊறச் சுவை கூடும். தோசை துவண்டுவிடும், பூரி அமுங்கிவிடும், பஜ்ஜியும் வடையும் ஆவியில் நமுத்துவிடும். பொங்கல் இறுகும் என்பதால், கொஞ்சம் தளர்வாகக் கேட்டு வாங்கிப் பரிமாறும்போது நெய் விட வேண்டும். தயிர்ச் சாதத்தைக் கடையில் வாங்குவதைவிட, சோற்றை மட்டும் வாங்கி வீட்டில் பாலும் தயிரும் கலப்பது மேல். அப்பளமும் ரசமும் பாயசமும் வீட்டில் செய்யலாம். அவை எளிதானவை, சூடாக இருந்தால்தான் நன்றாயிருக்கும், வீட்டின் கைமணம் வேண்டுமென்று ஏங்குபவர்களுக்கும் அது போதும். பெரியவர்களுக்குக் காரம் குறைந்த ஒன்று, சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்பில்லாத ஒன்று, சைவம் உண்பவர்களுக்குத் தனிக் கரண்டியோடு தனிப் பாத்திரம் என்று யோசிப்பதுதான் விருந்தளிப்பவர் செய்ய வேண்டிய வேலை. அடுப்படியில் இல்லாதவருக்கு அதை யோசிக்க நேரம் இருக்கும்.

அளவில் தடுமாறுவது வழக்கமான பிழை. பிரியாணிக் கடைகளில் ஒரு கிலோ என்றால் பெரும்பாலும் அரிசியின் எடை. ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ கறியும் சேர்ந்தது எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும். சில கடைகள் சமைத்த எடையைச் சொல்கின்றன. ஆகையால் கிலோவைக் கேட்பதோடு நிறுத்தாமல் எத்தனை பேர் உண்ணலாம் என்றும் கேட்க வேண்டும். 25 பேருக்கு மூன்று கிலோ அரிசிக் கணக்குச் சரியாக இருக்கும். பிள்ளைகள் அதிகமென்றால் அதிலேயே மீதமாகும். பாத்திரத்தில் மாற்றியதும் மூடி வைத்து, பந்தி தொடங்கும்போது திறந்தால் போதும். டப்பாக்களை அப்படியே மேசையில் அடுக்காமல் இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் முதலில் வைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறினால் உணவு எங்கிருந்து வந்தது என்ற நினைவே யாருக்கும் வருவதில்லை.

பொட்டலக் குப்பை பற்றிய புகார் மட்டும் நியாயமானது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தாள்களுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது; ஆனாலும் கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. இதற்குத் தீர்வு பழைய எடுப்புச் சாப்பாட்டு வழக்கத்திலேயே இருக்கிறது. மெஸ்ஸுக்கு அடுக்குக் கேரியரையும் தூக்குவாளியையும் எடுத்துச் சென்று வாங்கி வந்தார்கள். இன்றும் முன்கூட்டிச் சொல்லி வீட்டு அண்டாவையும் எவர்சில்வர் தூக்கையும் கொண்டுபோனால் கடைக்காரர் அதிலேயே ஊற்றித் தருவார். பிரியாணிக்கு மூடி இறுக்கமான பாத்திரம் வேண்டும், சாம்பாருக்கு முக்கால் பாகம் மட்டுமே நிரப்ப வேண்டும்.

மீந்ததைப் பந்தி முடிந்த உடனே, இரண்டு மணி நேரத்துக்குள், சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். கிளம்புகிறவர்களுக்கு அப்போதே கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னியையும் வெங்காயத் தயிர்ப் பச்சடியையும் எடுத்து வைக்கக் கூடாது. மறுநாள் சோற்றைச் சூடாக்குவதானால் நடுப்பகுதிவரை ஆவி பறக்கும் அளவுக்கு ஒருமுறை மட்டுமே சூடாக்க வேண்டும்.